பலகார மணம் வீசும் டீயை ருசி பார்ப்பது எப்படி? ஆப்பிள் பை முதல் போகிப் போளி வரை

ஆப்பிள் பை, எலுமிச்சை மெரிங் பை, பரங்கிக்காய் பை என்று பெயர் போட்ட டீ டப்பாக்கள் இப்போது போளூர் வீடுகளுக்கும் வந்து சேர்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறார்கள். கொழும்பு போய்த் திரும்புகிறவர்கள் வாங்கி வருகிறார்கள். மூடியைத் திறந்ததும் வீடே மணக்கிறது. பிறகு வழக்கம்போலப் பாலோடு போட்டுக் கொதிக்க வைத்து, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்தால் அந்த மணம் எங்கே போனதென்றே தெரிவதில்லை. டப்பா அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. அந்த டப்பாவைத் திரும்ப முன்வரிசைக்குக் கொண்டுவருவதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

இதில் சொல்லப்போவது ஒன்றே. இந்த வகை டீ மூக்குக்கு ஒன்றைச் சொல்கிறது, நாக்குக்கு வேறொன்றைக் கொடுக்கிறது. இரண்டையும் தனித்தனியாக விசாரிக்கப் பழகிவிட்டால், எந்த டீ காசுக்கு ஏற்றது, எது வெறும் வாசனை என்று நீங்களே தீர்ப்பு சொல்லலாம். நல்லதை வீட்டிலேயே கலக்கவும் செய்யலாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: மணம் எப்படி ஏறுகிறது?

மாவில் ஓர் ஓடு செய்து, உள்ளே இனிப்புப் பூரணம் வைத்து, அடுப்பில் சுட்டெடுக்கும் மேலைநாட்டுப் பலகாரம்தான் பை. நம் பக்கத்தில் அதற்கு உறவுக்காரர்கள் நிறையவே உண்டு. போகிக்குத் தட்டும் போளி, தீபாவளிக்குப் பொரிக்கும் சோமாஸ் ஆகியவற்றோடு, ஆரணி தாண்டிப் போனால் ஆற்காட்டின் மக்கன் பேடாவும் இருக்கிறது. மக்கன் பேடாவில் மாவுக்குள் முந்திரி, பாதாம் போன்றவற்றை வைத்துப் பொரித்துப் பாகில் ஊற வைப்பார்கள். மேல்மாவு, உள்ளே பூரணம், பொன்னிறமாக வெந்த மணம் என்ற மூன்றும் எல்லாவற்றுக்கும் பொது. பை டீ செய்கிறவர்கள் இந்த மூன்றின் மணத்தையும் தேயிலைக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

தேயிலைக்கு எந்த மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் குணம் உண்டு. சீனாவில் ஃபூசோ பகுதியில் மல்லிகை மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து இரவெல்லாம் வைத்து, காலையில் பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள். இதைப் பலமுறை திரும்பச் செய்வதுதான் மல்லிகை டீயின் ரகசியம். பை டீக்கு அந்த அளவு பொறுமை தேவைப்படுவதில்லை. தேயிலையைச் சுழலும் உருளையில் போட்டு, திரவமாகக் கரைத்த சுவைமணப் பொருளை மேலே தெளித்து, ஊற வைத்துப் பெட்டியில் அடைக்கிறார்கள். கூடவே காய்ந்த ஆப்பிள் துண்டு, பட்டைச் சீவல், செம்பருத்தி இதழ் போன்றவற்றையும் சேர்ப்பார்கள். இவற்றில் பல கண்ணுக்காகச் சேர்ப்பவை. பெரும்பகுதி மணம் தெளித்த திரவத்திலிருந்துதான் வருகிறது.

அந்தத் திரவத்தில் இருப்பவை பெரும்பாலும் இயற்கையிலும் உள்ள மூலக்கூறுகள்தான். பட்டையின் மணத்துக்குச் சின்னமால்டிஹைடு, கிராம்புக்கு யூஜெனால், எலுமிச்சைக்குச் சிட்ரால், வெண்ணெய்க்கு டைஅசிடைல், செர்ரிக்கு பென்சால்டிஹைடு, வனிலாவுக்கு வனிலின். வனிலினைக் கொடியின் காய் இல்லாமல் 1874-லேயே ஜெர்மானிய வேதியியலாளர்கள் வில்ஹெல்ம் ஹார்மனும் ஃபெர்டினாண்ட் டீமனும் பைன் மரத்திலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு தயாரித்துவிட்டார்கள். ஆகவே 'வனிலா' என்று எழுதியிருப்பதாலேயே உள்ளே வனிலாக் காய் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மணம் பூசிய டீயில் தேயிலை பாவு, மணம் ஊடை. பாவு நைந்திருந்தால் ஊடையில் எத்தனை ஜரிகை ஓட்டினாலும் புடவை நிற்காது. ருசி பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது அடியில் இருக்கும் அந்தத் தேயிலையைத்தான். மட்டமான தேயிலையை வலுவான வாசனைக்குள் மறைத்து விற்பது இந்த வியாபாரத்தில் சுலபம்.

தேவையானவை

- ஒரே அளவுள்ள வெள்ளைப் பீங்கான் கப் மூன்று, மூடி வைக்கச் சாஸர் மூன்று. எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது, விளிம்பும் சுடும்.
- கிராம் கணக்கில் காட்டும் சிறிய தராசு. இல்லாவிட்டால் கடையில் 10 கிராம் நிறுத்து வாங்கி ஐந்து சம பங்காகப் பிரியுங்கள். ஸ்பூனை நம்ப முடியாது. டஸ்ட் டீ ஒரு ஸ்பூனில் அடர்ந்து உட்காரும். ஆப்பிள் துண்டு கலந்த பெரிய இலை அதே ஸ்பூனில் பாதி எடைகூட நிற்காது.
- மணம் எதுவும் சேர்க்காத டீ ஒன்று. நீலகிரி இலைத் தேயிலை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வீட்டில் தினமும் போடும் டீத்தூள் போதும். ஒப்பிட்டுப் பார்க்க இது இல்லாமல் எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது.
- வடிகட்டி, ஸ்பூன், துப்புவதற்கு ஒரு சொம்பு, ஒரு நோட்டு.

தண்ணீரில் கவனம் வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் அதைக் கொண்டு ருசி பார்க்காதீர்கள். சுண்ணாம்புச் சத்து தேயிலையின் துவர்ப்புப் பொருள்களோடு சேர்ந்து மேலே படலம் கட்டும், நிறம் மங்கும், மெல்லிய வாசனைகள் அமுங்கிவிடும். நல்ல தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்து, ஒரே ஒரு முறை கொதிக்க வைத்து உடனே ஊற்றுங்கள்.

நேரம், இடம் இரண்டும் முக்கியம். காலை டிபனுக்கு ஒரு மணி நேரம் கழித்து உட்காருவது சரியான நேரம். வெற்றிலை பாக்கு போட்ட வாயோடு உட்காராதீர்கள். பாக்கின் துவர்ப்பு தேயிலையின் துவர்ப்பை மூடிவிடும். தலையில் வைத்த மல்லிகைச் சரத்தையும் ஊதுவத்தியையும் தள்ளி வையுங்கள். தறி இருக்கும் வீடாக இருந்தால் தறிக்குழிப் பக்கம் கப்பைக் கொண்டுபோகவே வேண்டாம். டீக்கறை பட்டு இழையில் இறங்கினால் எளிதில் போகாது. திண்ணையே நல்ல இடம்.

ருசி பார்க்கும் முறை: எட்டுப் படிகள்

1. உலர்ந்த இலையை முகருங்கள். டப்பாவைத் திறந்ததும் முதல் இரண்டு மூன்று மூச்சில் தெரிவதை உடனே எழுதுங்கள். அதன்பின் மூக்கு பழகி, உணர்வு மழுங்கிவிடும். 'நல்லா இருக்கு' என்று எழுதுவதால் பயனில்லை. 'பட்டை முதலில், அப்புறம் வெண்ணெய், ஆப்பிள் தெரியவில்லை' என்று வரிசையாக எழுத வேண்டும்.

2. சூடான கப்பில் முகருங்கள். கப்பில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, அந்தச் சூட்டில் இலையைப் போட்டு ஒரு நிமிடம் சாஸரால் மூடி வையுங்கள். திறந்தால் உலர்ந்த நிலையில் ஒளிந்திருந்தது வெளியே வரும். மட்டமான தேயிலையாக இருந்தால் ஈர வைக்கோல் வாடை இங்கேயே கிளம்பும்.

3. அளந்து ஊற வையுங்கள். தேயிலையை ருசி பார்க்க ஐஎஸ்ஓ 3103 என்ற உலகத் தரமுறை 1980-ல் வெளியானது. அது சொல்வது 100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம். குடிப்பதற்கு இது கடுமையான டீதான். குறை எல்லாம் தெரிய வேண்டும் என்பதற்காகவே இப்படி. முதல் கப்பில் மணமில்லாத டீ, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மணம் சேர்த்த டீ. மூன்றையும் மூடி வையுங்கள்.

தேயிலையைப் போட்ட பிறகு கொதிக்க மட்டும் விடாதீர்கள். டீக்கடைப் பாத்திரத்தில் பாலும் தூளும் சேர்ந்து தளதளக்கும்போது தெருமுனை வரை மணக்கிறதே, அந்த மணம் கப்பை விட்டுப் போய்விட்ட மணம். டஸ்ட் டீக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. மேலே பூசிய மணத்துக்கு அதுவே முடிவு.

4. சாஸரின் அடிப்பக்கத்தை முகருங்கள். பலரும் தவறவிடும் படி இது. ஆறு நிமிடம் முடிந்து சாஸரைத் தூக்கும்போது அடியில் ஆவி முத்து முத்தாகக் கோத்திருக்கும். எளிதில் ஆவியாகும் மணம் எல்லாம் அங்கேதான் கூடியிருக்கும். ஆப்பிள், எலுமிச்சை போன்ற மெல்லிய பழ மணங்கள் கப்பைவிடச் சாஸரில்தான் தெளிவாகத் தெரியும். கீழே கப்பில் பட்டையும் வனிலாவும் தங்கும்.

5. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய். இரண்டாவது கப்பிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் வையுங்கள். ஆப்பிளும் இருக்காது, பட்டை வாசனையும் இருக்காது. துவர்ப்பும் கசப்பும் கொஞ்சம் புளிப்பும் மட்டும் தெரியும். நாக்குக்குத் தெரிந்த சுவைகள் சிலவே. மற்றதெல்லாம் வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம். இப்போது மூக்கை விடுங்கள். ஒரு நொடியில் முழுப் பலகாரமும் வந்து இறங்கும். இந்த ஒரு பரிசோதனையைப் பிள்ளைகளோடு செய்து பாருங்கள், அவர்களுக்கு மறக்காது. மூக்கைப் பிடித்திருந்தபோது கிடைத்ததுதான் தேயிலை. அதை முதல் கப்போடு ஒப்பிட்டால் அடித்தளம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

6. உறிஞ்சுங்கள். ஸ்பூனை உதட்டில் வைத்து, காற்றோடு சேர்த்து 'சுர்' என்று சத்தம் வர இழுங்கள். குன்னூரிலும் கொழும்பிலும் ஏலத்துக்கு முன் ருசி பார்க்கும் தொழில்காரர்கள் இப்படித்தான் இழுக்கிறார்கள். காற்று கலந்தால்தான் மணம் மூக்குக்கு ஏறும். வாயில் சுழற்றிவிட்டுத் துப்பிவிடலாம். ஆறு வகை டீயை விழுங்கிக்கொண்டே போனால் இரவுத் தூக்கம் போய்விடும்.

7. ஆற விட்டு மறுபடி பாருங்கள். சூடாக, வெதுவெதுப்பாக, முழுதாக ஆறிய பிறகு என்று மூன்று முறை. ஆறும்போதுதான் வேஷம் கலையும். மட்டமான மணப்பொருள் சூட்டில் பலகாரமாகத் தெரிந்து, ஆறிய பிறகு சோப்பாகவும் இருமல் மருந்தாகவும் மாறிவிடும். நல்ல டீ ஆறினாலும் டீயாகவே இருக்கும். ஆறிய டீ கலங்கிப் பால்போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் சேர்ந்து திரள்வதால் வருவது அது. திடமான டீயின் அடையாளம்.

8. கடைசியில் பாலும் சர்க்கரையும். மூன்றாவது கப் இதற்குத்தான். முதலில் அரை ஸ்பூன் சர்க்கரை மட்டும் போட்டுப் பாருங்கள். மறைந்திருந்த வனிலாவும் ஆப்பிளும் திடீரென்று எழுந்து வரும். இனிப்போடு சேர்த்தே அந்த மணங்களைப் பழகியிருப்பதால் மூளை இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. ஏலக்காய் போட்ட பாயசம் கூடுதலாக இனிப்பதுபோலத் தோன்றுவதும் இதனால்தான். பிறகு ஒரு ஸ்பூன் பால். பாலின் கேசீன் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் டீ மெத்தென்று ஆகும். செம்பருத்தி, எலுமிச்சை சேர்ந்த வகையில் மட்டும் பால் ஊற்றாதீர்கள். திரிந்துவிடும்.

எந்தப் பையில் எதைத் தேடுவது?

நாம் தின்றே பார்க்காத பலகாரத்தின் மணத்தை எப்படி அடையாளம் காண்பது என்று தயங்க வேண்டாம். உறவுக்காரப் பலகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மூக்கு வழி கண்டுபிடித்துவிடும்.

ஆப்பிள் பை டீ. வெந்த ஆப்பிள், பட்டை, வெண்ணெய் சேர்த்துச் சுட்ட மாவு ஆகிய மூன்று மணமும் இருக்க வேண்டும். ஆப்பிளை நறுக்கி, சிறிது நெய்யில் பட்டைத் துண்டோடு வதக்கி ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பல டப்பாக்களில் பட்டை மட்டுமே தெரியும். பச்சை ஆப்பிள் மிட்டாய் வாசனை வந்தால், வெந்த பழத்தின் மணத்தை அவர்களால் பிடிக்க முடியவில்லை என்று பொருள்.

எலுமிச்சை மெரிங் பை டீ. எலுமிச்சைக் கூழின்மேல் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்த நுரையைப் பரப்பிச் சிவக்கச் சுட்ட பலகாரம் இது. தோலின் புத்துணர்ச்சியான மணமும், லேசாகக் கருகிய சர்க்கரையும் தெரிய வேண்டும். எலுமிச்சை எண்ணெய் காற்றுப் பட்டுப் பழசானால் தரை துடைக்கும் திரவத்தின் வாடை வந்துவிடும். ஆகவே தயாரித்த தேதியைப் பார்த்து வாங்க வேண்டிய வகை.

பரங்கிக்காய் பை டீ. அமெரிக்காவில் நவம்பர் மாத நன்றி நவிலும் நாளுக்குச் செய்வது. பரங்கிக்காய்க்கு வலுவான மணம் இல்லை. பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு ஆகியவைதான் அந்த வாசனை. மசாலா டீ குடித்துப் பழகிய நமக்கு இது சொந்தக்காரர் வீடு. பாலை நன்றாகத் தாங்கும் வகையும் இதுதான். கிராம்பு மற்றதையெல்லாம் அமுக்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பீக்கான் பை டீ. பாகில் ஊறிய கொட்டைப் பருப்பின் மணம். கடலை மிட்டாய் கிண்டும்போது வெல்லப்பாகு பதம் வரும் நொடியில் எழுகிற வாசனையை நினைவில் வைத்துக்கொண்டு தேடுங்கள். வறுத்த மணம் இல்லாமல் வெறும் இனிப்பு வாசனை மட்டும் வந்தால் அது டாஃபி டீ.

தேங்காய்க் கிரீம் பை டீ. சோமாஸ் பூரணத்தின் மணம் வர வேண்டும். வறுத்த தேங்காய், சர்க்கரை, ஏலம். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் நினைவுக்கு வந்தால் அந்த டீ தேறவில்லை.

செர்ரி பை டீ. இதன் மணம் கசப்பு வாதுமையின் மணத்தோடு ஒன்று. அளவு சற்று மிஞ்சினாலும் மருந்தாகிவிடும். தொடக்கக்காரர்கள் இதைக் கடைசியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து பார்க்கும்போது

ருசி பார்ப்பதை நான்கைந்து பேர் சேர்ந்து செய்தால் பலன் அதிகம். கப்புக்கு அடியில் எண் ஒட்டி, பெயரை மறைத்து வையுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் மூக்கு அந்தப் பெயருக்குத் தலையாட்டிவிடும். 'ஆப்பிள் வாசனை வருதா அக்கா?' என்று கேட்காதீர்கள், வருகிறது என்றுதான் சொல்வார்கள். 'முதல்ல எது ஞாபகம் வருது அக்கா?' என்று கேளுங்கள். பத்து நிமிடம் யாரும் வாய் திறக்காமல் எழுதிவிட்டு, அதன்பிறகு பேசலாம். வீட்டில் பலகாரம் சுட்டுக் கைதேர்ந்த பெரியவர்களுக்கு இதில் கூர்மை அதிகம். நெய் காய்வதையும் பாகு பதத்தையும் வாசனையால் அறிந்தவர்கள் அவர்கள்.

மதிப்பெண் போட இந்த அட்டவணையைப் பயன்படுத்தலாம்.

- அடித்தளத் தேயிலை: 5. துவர்ப்பும் விறுவிறுப்பும் கனமும் இருக்கின்றனவா?
- மணத்தின் உண்மை: 5. சொன்ன பலகாரம் தெரிகிறதா? பூரணம் மட்டுமா, சுட்ட மாவும் உண்டா?
- இரண்டும் சேர்ந்த விதம்: 5. ஒன்றையொன்று தாங்குகின்றனவா, அல்லது டீ ஒரு பக்கமும் வாசனை ஒரு பக்கமும் நிற்கின்றனவா?
- பின்சுவை: 5. குடித்து முடித்து ஒரு நிமிடம் கழித்து வாயில் என்ன மிச்சம்?

இருபதுக்குப் பதினான்கு வந்தால் வாங்கலாம். தேயிலைக்கு இரண்டோ அதற்குக் குறைவாகவோ வந்திருந்தால், மொத்தம் எவ்வளவு வந்தாலும் தள்ளிவிடுங்கள்.

வாங்கும்போது லேபிளில் பார்க்க வேண்டியவை

இந்தியாவில் விற்கும் மணம் சேர்த்த டீயில் அது மணம் சேர்த்தது என்பதும், என்ன மணம் என்பதும் லேபிளில் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பொருள் பட்டியலின் முதல் சொல்லைப் பாருங்கள். எடையில் அதிகமானதுதான் முதலில் வரும். 'தேயிலை' என்று தொடங்கினால் டீ. 'ஆப்பிள் துண்டு, செம்பருத்தி' என்று தொடங்கினால் அது தேயிலையே இல்லாத பழக் கஷாயமாக இருக்கலாம். 'ரூயிபோஸ்' என்றால் தென்னாப்பிரிக்கச் செடி ஒன்றின் இலை. அதில் காஃபீன் இல்லாததால் இரவிலும் குடிக்கலாம்.

கேரமல் துண்டு, பாதாம், பால் பொருள்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது அவசியம். சர்க்கரை மிட்டாய்த் துண்டு சேர்ந்த டீயை 'சர்க்கரை போடாமல் குடிக்கிறேன்' என்று நீரிழிவு உள்ளவர்கள் நம்பிக் குடிக்கக் கூடாது.

இலங்கை டீயாக இருந்தால் வாளேந்திய சிங்க முத்திரை இருக்கிறதா என்று கவனியுங்கள். இலங்கையிலேயே விளைந்து அங்கேயே பொதியப்பட்ட தேயிலை என்பதற்கு அது அடையாளம். அந்த நாட்டிலிருந்து மணம் சேர்த்த டீ நிறைய ஏற்றுமதியாகிறது. 'டில்மா' என்ற பெயரை ஆஸ்திரேலியாவில் அறிமுகப்படுத்திய மெரில் ஜே. பெர்னாண்டோ, தேயிலை ருசி பார்ப்பவராகத் தொழிலைத் தொடங்கியவர். கேரமல், வனிலா போன்ற மணங்கள் சேர்ந்த டீயும் அந்த நிறுவனத்தின் வரிசையில் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் மலையகத் தமிழர்கள். வாசனையைத் தாண்டி அடித்தளத் தேயிலையைத் தேடிப் பிடிப்பது அவர்களின் உழைப்பை மதிப்பதும் ஆகும்.

சில்லறையாக வாங்கிய தூளில் சாயம் சேர்ந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், வடிதாளில் கொஞ்சம் தூவித் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சாயம் இருந்தால் உடனே கறை பரவும். செம்பருத்தி இதழ் கலந்த டீயில் மட்டும் சிவப்பு இயல்பாகவே இறங்கும் என்பதை மனதில் வையுங்கள்.

வீட்டிலேயே கலக்க இரண்டு செய்முறை

போளி டீ. போகிப் போளியின் மணம் நான்கு இடத்திலிருந்து வருகிறது: வெந்த கடலைப்பருப்பு, வெல்லம், ஏலம், கல்லில் நெய்யோடு சிவந்த மாவு. பருப்பும் சிவந்த மாவும் சேர்ந்து தருவதை வறுத்த பருப்பே ஓரளவு தந்துவிடும். ஜப்பானில் வறுத்த அரிசியைப் பச்சைத் தேயிலையோடு கலந்து கென்மைச்சா என்று குடிப்பதும் இதே வழிதான்.

நீலகிரி இலைத் தேயிலை 100 கிராம் எடுங்கள். கடலைப்பருப்பு 20 கிராமை எண்ணெய் விடாமல், சின்னத் தீயில், காப்பி நிறத்துக்கு ஒரு படி முன்பு வரை வறுத்து, நன்றாக ஆற விட்டு ஒன்றிரண்டாக உடையுங்கள். மாவைச் சலித்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டீ கலங்கும். ஏலக்காய் பத்தைத் தோலோடு நசுக்கிச் சேருங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் வைத்துத் தினமும் ஒருமுறை குலுக்குங்கள். கப்புக்கு ஒரு நிறைந்த ஸ்பூன், கொதிநீர், மூடி ஐந்து நிமிடம். வெல்லத்தைக் கப்பில் போட்டுக் கலக்குங்கள், டப்பாவில் போட்டால் ஈரம் கோத்துக் கட்டியாகும். ஜவ்வாது மலைத் தேன் கிடைத்தால் வெல்லத்துக்குப் பதில் ஊற்றிப் பாருங்கள், வேறொரு பலகாரமாகிவிடும். நெய்யையும் டப்பாவில் சேர்க்காதீர்கள், சிக்கு வாடை வரும். வேண்டுமானால் குடிக்கும்போது ஒரே ஒரு சொட்டு விடலாம்.

போகியன்று காலை சுட்ட போளியைப் பக்கத்தில் வைத்து இந்த டீயை ருசி பாருங்கள். போளி ஒரு துண்டு, டீ ஒரு வாய் என்று மாறி மாறிப் போகும்போது எது குறைகிறது என்று நாக்கே சொல்லும். ஏலம் மிஞ்சினால் அடுத்த முறை ஏழாகக் குறையுங்கள். பருப்பு அமுங்கினால் இன்னும் கொஞ்சம் சிவக்க வறுங்கள்.

ஆப்பிள் பட்டை டீ. ஒரு ஆப்பிளைத் தோலோடு தாளாகச் சீவி, மெல்லிய துணியால் மூடி வெயிலில் காய வையுங்கள். வளைத்தால் முறிய வேண்டும், வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூஞ்சை பிடிக்கும். சித்திரை வைகாசி வெயில் இதற்கு ஏற்றது. ஐப்பசி கார்த்திகை மழையில் முயல வேண்டாம். காய்ந்த சீவலை வெறும் தோசைக்கல்லில் லேசாகச் சிவக்க வாட்டி ஆற வையுங்கள். வெந்த பழத்தின் மணம் அப்போதுதான் வரும். தேயிலை 100 கிராமுக்கு ஆப்பிள் 25 கிராம், உடைத்த பட்டை 5 கிராம், கிராம்பு இரண்டு, ஜாதிக்காய்த் துருவல் ஒரு சிட்டிகை. இலங்கையின் சுருள் பட்டை மெல்லிய அடுக்குகளாக இருக்கும், மணமும் மென்மை. மளிகைக் கடையில் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த பட்டை வேறு இனம். அதில் கூமரின் என்ற பொருள் கூடுதலாக உண்டு. அது அதிகம் சேர்வது உடலுக்கு நல்லதல்ல, ஆகவே தினமும் குடிக்கிறவர்கள் சுருள் பட்டையையே வாங்குவது நல்லது.

பத்திரப்படுத்துவது

மணத்தை உறிஞ்சும் குணம் வாங்கிய பிறகும் தேயிலையை விட்டுப் போவதில்லை. பட்டுப்புடவை வைக்கும் பீரோவில் பாச்சை உருண்டை போட்டிருப்பீர்கள். அதே அறையில் டீ டப்பா இருந்தால் சில வாரங்களில் ஆப்பிள் பையோடு பாச்சை உருண்டையும் சேர்ந்து வரும். சாயப் பொடி, சாம்பார்ப் பொடி, பெருங்காயம் எதன் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஒரே டப்பாவில் ஒருநாள் எலுமிச்சை டீ, மறுநாள் போளி டீ என்று மாற்றாதீர்கள். இறுக மூடும் தகர டப்பா, வெளிச்சமும் சூடும் படாத அலமாரி, ஈரமில்லாத ஸ்பூன் போதும். ஃப்ரிஜ் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும். எலுமிச்சை வகையை மூன்று மாதத்துக்குள்ளும், பட்டை வகையை ஆறு மாதத்துக்குள்ளும் முடித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இரத்தசோகை இருப்பவர்கள் சாப்பாட்டோடு சேர்த்து எந்தத் தேயிலை டீயும் குடிக்க வேண்டாம். அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

முதல் மாதப் பயிற்சி

முதல் வாரம் மணமில்லாத டீயை மட்டும் அளந்து போட்டு, சர்க்கரை இல்லாமல் தினமும் ஒரு கப் ருசி பார்த்து எழுதுங்கள். துவர்ப்பு எது, கசப்பு எது என்று பிரியத் தொடங்கும். இரண்டாவது வாரம் அதே டீயில் ஒரு நாள் ஏலம், ஒரு நாள் பட்டை, ஒரு நாள் கிராம்பு என்று ஒன்றை மட்டும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது வாரம் போளி டீ கலக்குங்கள். நான்காவது வாரம் கடை டப்பாவைத் திறந்து எட்டுப் படிகளையும் செய்யுங்கள். அந்த டப்பா முதலில் திறந்தபோது சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் எவ்வளவு தூரம் என்று அன்று தெரியும்.

அதற்குப் பிறகு கடையில் முடிவெடுக்க ஒரு கேள்வி போதும். முழுதாக ஆறிய பிறகு, சர்க்கரை இல்லாமல், இன்னொரு மடக்கு குடிக்கத் தோன்றுகிறதா? தோன்றினால் அது நல்ல டீ, வாங்குங்கள். தோன்றாவிட்டால் அந்தக் காசுக்குப் போளியே வாங்கித் தின்றுவிட்டு, வழக்கமான டீயைப் போட்டுக் குடியுங்கள்.